திங்கட்கிழமைதோறும் ஒருவர்

சனிக்கிழமை காலை வீடியோக் கூட்டத்தில் மீசை தொண்டையைச் செருமியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கும் அதே பாட்டுதான்.

"பழைய சிஸ்டத்தை விட்டுடலாம்," என்றார். "அதைச் செஞ்ச கம்பெனியே கைகழுவிட்டுப் போயிடுச்சு. நாம மட்டும் என்னத்துக்கு அதைக் கட்டிக்கிட்டு அழணும்?"

"அதுல ஓட்டறவங்க ஒருத்தர் இருக்காங்க," என்றேன்.

"ஒரே ஒருத்தர்."

"ஒருத்தர்னா மனுஷன் இல்லையா? தலையை எண்ணித்தான் வேலை செய்வேன்னா வேற எடம் பாருங்க."

நான் இப்படித்தான் பேசுவேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பாள் அம்மா. அவள் பெருந்தன்மையாகச் சொன்னாள். அது மூக்கைத் தாண்டி வந்து வெகு காலமாகிறது. மீசை கன்னத்தைச் சொறிந்துகொண்டார்.

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து 'நாடா' என்ற மென்பொருளைப் பராமரிக்கிறோம். தையல்காரர்களுக்கானது. உடம்பின் அளவுகளைக் கொடுத்தால், துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று தாளில் வரைந்து அச்சடித்துத் தரும். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே எழுதியிருப்பதைப் படிக்கலாம், திருத்தலாம். எங்களுக்குச் சம்பளம் கிடையாது, திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். மீசையை நான் நேரில் பார்த்ததில்லை. கேமராவை எந்தப் பள்ளத்தில் வைத்திருக்கிறாரோ, மீசையும் அதற்குக் கீழே உள்ளதும்தான் தெரியும். மூன்றாவது ஆள் ஒரு பெண், சேர்ந்து மூன்று வருடமாகிறது, இன்னும் அவளைப் 'புதுசு' என்றுதான் கூப்பிடுகிறோம். நான் பகலில் குடிநீர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். தனி ஆள். மிச்ச நேரமெல்லாம் நாடாவுக்குத்தான்.

"அக்கா, ஃபோன்ல ஓடற மாதிரி நான் எழுதி ஒரு வருஷம் ஆச்சு," என்றாள் புதுசு. அவள் கத்தமாட்டாள், அதுதான் எனக்குக் கஷ்டம். "அந்தப் பழைய சிஸ்டத்துல அது ஓட மாட்டேங்குதுன்னு நீங்க உள்ளயே விடல. தினமும் நாலு பேர் ஃபோனுக்கு எப்ப வரும்னு கேக்கறாங்க."

அவள் சொன்னது முழுக்க நியாயம். பழைய கணினியில் நாடா ஓடவேண்டுமென்றால் ஒவ்வொன்றையும் இரண்டு தரம் எழுத வேண்டும். 'பழைய சிஸ்டம் என்றால் இப்படிச் செய், இல்லையென்றால் அப்படிச் செய்' என்று முன்னூறு இடங்களில் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக வரும் கருவி ஒவ்வொன்றும் அதைப் பார்த்து மூஞ்சியைச் சுளிக்கும். அதோடு மல்லுக்கட்டி ஒட்டுப்போட்டு ஓட வைப்பது என் ஞாயிற்றுக்கிழமைகளின் வேலை. ஏழு வருட ஞாயிற்றுக்கிழமைகள்.

அந்த ஒருத்தர் என் தம்பி. இதை நான் இவர்களிடம் சொன்னதேயில்லை.

வாரத்தில் முதல் தடவை நாடாவைத் திறந்ததும் அது எங்கள் சர்வரிடம் 'புதுப் பதிப்பு வந்திருக்கிறதா?' என்று கேட்கும். கேட்கும்போது எந்தப் பதிப்பு, எந்த வகைக் கணினி என்ற இரண்டை மட்டும் சொல்லும். பேர் கிடையாது, ஊர் கிடையாது. யாரையும் வேவு பார்க்கக்கூடாது என்று அப்படி வைத்தவள் நான்தான். ஆனால் பழைய கணினி என்ற வரிசையில் வாரத்துக்கு ஒன்றே ஒன்று வரும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு. தம்பியின் தையல்கடைக்கு ஞாயிறு விடுமுறை, திங்கள் ஒன்பதுக்குத் திறப்பான். இதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

அலுவலகத்துக்குப் போனதும் பையைக்கூட வைக்காமல் அந்தப் பட்டியலைத் திறப்பேன். ஒன்பது மணி, ஒன்று. வந்துவிட்டான். அப்புறம்தான் எனக்கு வாரமே தொடங்கும்.

அவனுக்காகத்தான் நாடாவையே எழுதினேன். பழுப்புத் தாளில் வரைந்து வரைந்து அவன் முழங்கை வீங்கிக் கிடந்ததைப் பார்க்கச் சகிக்காமல், கடை மூலையில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து எழுதிய மென்பொருள் அது. கைக்குழி எப்படி வளையும், கழுத்து எங்கே இறங்கும் என்று அவன் சொல்லச் சொல்ல எழுதினேன். 'உனக்குக் கணக்குத் தெரியுது, உடம்பு தெரியல' என்று நக்கலடிப்பான். பிறகு அது உலகத்துக்கே போய்விட்டது. நானும் பெரிய ஆளாகிவிட்டேன் என்ற நினைப்பு வந்துவிட்டது.

ஏழு வருடத்துக்கு முன்னால் மூன்றாம் பதிப்பை வெளியிட்டேன். அளவுகளைச் சேமிக்கும் முறையை அதில் மாற்றியிருந்தேன். பழைய கோப்பைத் திறந்ததும் புதிய முறைக்குத் தானாகவே மாற்றி எழுதிக்கொள்ளும். என் கணினியில் அருமையாக ஓடியது. தம்பியின் கடையிலிருந்தது பழைய கணினி. அதில் பாதி எழுதிவிட்டு நின்றுபோனது. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் அளவுகள் ஒரு நிமிடத்தில் காலி. பள்ளிக்கூடம் திறக்கும் மாதம் வேறு. சீருடைக்குத் துணி கொடுத்தவர்கள் வாசலில் நிற்கிறார்கள்.

ஃபோனில் கத்தினான். நான் அதைவிடக் கத்தினேன். "ஒரு காப்பி எடுத்து வச்சுக்காம யாருடா உன்னை அப்டேட் பண்ணச் சொன்னா?" என்றேன். பட்டென்று வைத்துவிட்டு எங்கள் புகார்ப் பக்கத்தில் போய் எழுதினான். உலகத்தில் யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய பக்கம். பதினோரு வரி, ஆத்திரத்தில் பாதி எழுத்து விட்டுப்போயிருந்தது. அவன்தான் என்று தெரியும். தெரிந்தேதான் கீழே எழுதினேன்: 'பழைய கணினியில் ஓட்டியது பயனர் தவறு. இந்தப் புகார் மூடப்படுகிறது.'

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. முதல் வருடம் நாலு தடவை கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எனக்கும் ரோஷம் உண்டே, விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால் ரோஷம் மட்டுமில்லை. திங்கட்கிழமை ஒன்பது மணி இருந்தது. வாராவாரம் வருகிறானே, என் மென்பொருளைத் திறக்கிறானே, மனசுக்குள் கோபம் தணிந்துதானே இருக்கும், ஒரு நாள் வாயைத் திறப்பான் என்றிருந்தேன். அது வரைக்கும் அவன் கணினியில் ஒன்றுகூட உடையக்கூடாது. ஒன்றே ஒன்று உடைந்தாலும் அவன் மறுபடி போய்விடுவான்.

ஒவ்வொரு பதிப்போடும் என்னென்ன மாற்றினோம் என்று குறிப்பு எழுதுவது எங்கள் வழக்கம். மற்றவர்கள் எழுதும் குறிப்பு மளிகைச் சீட்டு மாதிரி இருக்கும். நான் அவனுக்கு எழுதினேன். 'கைக்குழி வளைவு இனி அகலமான தோளுக்கும் சரியாக வரும். இதை முன்பே ஒருவர் கேட்டார். காதில் வாங்காதது எங்கள் தவறு.' 'பழைய அளவுக் கோப்புகள் எல்லாம் திறக்கும். என்றைக்கும் திறக்கும்.' அதைப் படித்துவிட்டு மீசை, "மேடம், இது ரிலீஸ் நோட்டா, லவ் லெட்டரா?" என்று கேட்டார். வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் நான் வெளியிட்ட மறு திங்களே அந்த ஒருத்தர் புதுப் பதிப்பில் வந்து நிற்பார். ஒரு தடவைகூடத் தவறியதில்லை. படித்திருக்கிறான் என்று நினைத்து, அலுவலகக் கழிப்பறையில் போய் அழுதிருக்கிறேன்.

அந்தச் சனிக்கிழமை கூட்டத்தில் மீசை கடைசியில் ஒரு வழி சொன்னார். எங்களைப் போன்றவர்கள் எல்லோரும் செய்வதுதான். ஒன்றை நீக்குவதற்கு முன்னால் அறிவிப்புப் போட வேண்டும். நாலு வாரம் பொறுக்க வேண்டும். யாராவது 'எனக்கு வேண்டும்' என்று எழுதினால் எடுக்கக்கூடாது.

"ஒரு வரி எழுதட்டும் மேடம், போதும். நான் வாயை மூடிக்கறேன்."

ஒற்றைக்காலில் நிற்கிறவள் சட்டென்று சம்மதித்ததும் புதுசுக்கே ஆச்சரியம். எனக்கு உள்ளுக்குள் கொண்டாட்டம். ஏழு வருடமாக எழுதாதவன் இப்போது எழுதித்தானே ஆகவேண்டும்? அறிவிப்பை நானே எழுதினேன். பழைய கணினியில் நாடாவைத் திறந்தால் நட்டநடுவில் வந்து நிற்கும்படி வைத்தேன். 'இந்தக் கணினிக்கான ஆதரவு நிறுத்தப்படவிருக்கிறது. நீங்கள் இன்னும் இதைப் பயன்படுத்தினால் தயவுசெய்து ஒரு வரி எழுதுங்கள். ஒரு வரி போதும்.' தயவுசெய்து என்ற வார்த்தையை நான் வாழ்க்கையில் அவ்வளவாகப் பயன்படுத்தியதில்லை.

முதல் திங்கள் ஒன்பது மணிக்கு வந்தான். எழுதவில்லை. சரி, வேலை அதிகமாக இருக்கும். இரண்டாம் திங்களும் வந்தான், எழுதவில்லை. மூன்றாம் திங்களும் அப்படியே. கண்ணெதிரே அறிவிப்பு நிற்கிறது, படித்துவிட்டு மூடிவிட்டுப் போகிறான். கல்நெஞ்சக்காரன் என்று திட்டினேன். எழுதித் தொலையேன்டா என்று திரையைப் பார்த்துச் சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்து மேஜைக்காரர் எழுந்து வந்து பிரிண்டர் ஏதாவது மக்கர் பண்ணுகிறதா என்று கேட்டார்.

நான்காம் திங்கள் ஒன்பது மணிக்கு அவன் வரவில்லை.

பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. வரவில்லை. போயே போய்விட்டான் என்றது ஒரு மனசு. உடம்புக்கு முடியவில்லையோ என்றது இன்னொரு மனசு. மாலை வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் ஃபோன் அடித்தது. பாய்ந்து எடுத்தேன். புதுசு.

"அக்கா, கோச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லித் தொலை."

"இன்னைக்கு ஒம்போது மணிக்கு அந்த ஒருத்தர் வரல, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நான்தான் நிறுத்தினேன்."

எனக்குப் புரியவில்லை. அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாடகை சர்வர் ஒன்றில் எங்களுக்கு ஒரு சோதனை ஏற்பாடு உண்டு. ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் அது நாங்கள் எழுதியதைச் சேர்த்துப் புதிய நாடாவைத் தயாரித்து, எல்லா வகைக் கணினிகளையும் போலியாக உருவாக்கி, ஒவ்வொன்றிலும் திறந்து சரிபார்க்கும். அதையும் நான்தான் அமைத்தேன். சோதனை செய்யும்போது 'புதுப் பதிப்பு இருக்கிறதா' என்று கேட்கக்கூடாது, கேட்டால் எங்களையே நாங்கள் எண்ணிக்கொள்வோம் என்று, கேட்காமலிருக்க ஒரு கட்டளையும் எழுதி ஒரு கோப்பில் வைத்திருந்தேன்.

"அந்தக் கோப்பை நீங்க புது சிஸ்டமெல்லாம் தேடற எடத்துல வச்சிருக்கீங்கக்கா. பழைய சிஸ்டம் வேற எடத்துல தேடும். அதனால அதுல மட்டும் அந்தக் கட்டளை வேலை செய்யல. பழசை எடுக்கறதுக்காகப் படிச்சிட்டு வந்தேன், அப்பதான் கண்ணுல பட்டுது. சந்தேகமா இருந்துச்சு. இன்னைக்கு சோதனையை நிறுத்திட்டுப் பாத்தேன். வரல. அந்த ஒருத்தர் நாமதான்க்கா."

முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் தொடர்ந்து மூன்று திங்கள் அவன் வராமலிருந்து நான் சோறு இறங்காமல் கிடந்தேனே, அது வாடகை சர்வர்க்காரர்கள் இடம் மாறிய மாதம். வெளியிட்ட மறு திங்களே புதுப் பதிப்புக்கு வந்துவிடுவானே, வராமல் எப்படி, தயாரித்ததே அந்தச் சோதனைதானே. முன்னூறு இடங்களில் இப்படியா அப்படியா என்று பார்த்துப் பார்த்து எழுதியவள், இந்த ஒரு இடத்தில் பார்க்கவில்லை. ஏழு வருடமாக என் குரலையே கேட்டு, தம்பி வந்துவிட்டான், தம்பி வந்துவிட்டான் என்று பூரித்திருக்கிறேன். அந்த எண்ணிக்கை மட்டும் இல்லாமலிருந்தால் ஐந்தாவது தடவை கூப்பிட்டிருப்பேன். ஐம்பதாவது தடவையும் கூப்பிட்டிருப்பேன். வீட்டு வாசலில் போய் நின்றிருப்பேன்.

"அக்கா? இருக்கீங்களா? அந்த ஒருத்தர் யாருன்னு நெனச்சிருந்தீங்க?"

"என் தம்பி," என்றேன். முதல்முறையாகச் சொன்னேன். "எடுத்துடு. உன் ஃபோன் வேலையை உள்ள விடு. ரொம்ப நாள் காக்க வச்சிட்டேன்."

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் பேருந்தில் ஏறினேன். இரண்டு மணி நேரப் பயணம். முன்கூட்டிச் சொல்லவில்லை, சொன்னால் கடையை அடைத்துவிட்டுப் போய்விடுவான் என்று பயம்.

கடை அதே தெருவில் இருந்தது, பலகைக்கு மட்டும் புது வண்ணம். உள்ளே வெட்டு மேஜைமேல் நீலத்துணி விரிந்து கிடந்தது. தம்பி குனிந்து சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டிருந்தான். உச்சி வழுக்கையாகிவிட்டது. சட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி நிமிர்ந்து பார்த்து, "அண்ணி!" என்று எழுந்துவிட்டாள். அவன் கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

பேருந்தில் யோசித்து வைத்ததெல்லாம் மறந்துபோனது. "திங்கக்கெழமை காலையில வந்ததும் கம்ப்யூட்டரைத் தொறப்பியா?" என்று கேட்டேன். ஏழு வருடம் கழித்துக் கேட்கிற கேள்வியா இது!

"எந்தக் கம்ப்யூட்டர்?" என்றான். "அதை அந்த வருஷமே எடைக்குப் போட்டாச்சு."

மூலையில் அது இருந்த இடத்தில் நூல்கண்டு அலமாரி நின்றது. மேஜையோரம் தடித்த நோட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருந்தன.

"நீ வாராவாரம் தொறக்கறேன்னு நெனச்சிட்டிருந்தேன்டா. ஏழு வருஷமா. உன் கம்ப்யூட்டர்ல ஓடணும்னே எல்லாத்தையும் ரெண்டு ரெண்டு தடவை எழுதினேன்."

"யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல."

அவன் கத்தரியை எடுத்தான், மறுபடி வைத்தான். "நானூத்திப் பன்னெண்டு பேர்," என்றான். "ஒவ்வொருத்தரையா கூப்ட்டு, மறுபடி வாங்க, அளவு எடுக்கணும்னு கெஞ்சினேன். பாதிப் பேர் வேற கடைக்குப் போயிட்டாங்க. அதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. பயனர் தவறுன்னு போட்ட பாரு. நான் உனக்குப் பயனரா?"

"தப்பு என்னோடதுடா. உன்னோடது இல்ல. கோப்பைக் கெடுத்ததும் நான்தான், ஊர் பாக்க எழுதினதும் நான்தான். அன்னைக்கே தெரியும். சொல்ல வாய் வரல."

"ஏழு வருஷமாவா வாய் வரல?"

"வரல," என்றேன். பூசிமெழுக என்னிடம் ஒன்றும் இல்லை. "உன்னைப் பாக்காம இருக்க முடியலடா."

தெருவில் யாரோ வண்டியை உதைத்து உதைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை. அவன் மனைவி, "நின்னுட்டே இருக்கீங்களே அண்ணி," என்று முக்காலியை இழுத்துப் போட்டாள். நான் உட்காரவில்லை. போ என்று சொன்னால் போக வசதியாக நின்றுகொண்டே இருந்தேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் போட்டிருந்த சட்டையில் அவன் கண் நின்றது.

"இது என்ன கண்றாவி? ரெடிமேடா?"

"ஆமா."

"கை தொங்குது. கழுத்து ஒரு பக்கம் இழுக்குது. இதைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் வேற போறியா?" கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவிக்கொண்டு மேஜையைச் சுற்றி வந்தான். "திரும்பு."

திரும்பி நின்றேன். முதுகில் அவன் விரல் பட்டது. அவன் மனைவி நோட்டில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திருப்பிப் பேனாவோடு காத்திருந்தாள்.

"தோள் பதினாலு," என்றான். டேப்பை எடுக்காமல் அப்படியே நின்றான். மறுபடி இழுத்துப் பிடித்துப் பார்த்தான். "பதினாலரை இருந்துச்சு. கூனிக் கூனி உக்காந்து அரை இஞ்ச் போயிடுச்சு." டேப் கைக்கு இறங்கியது. "கை இருபத்தொண்ணே கால். அது அப்படியே இருக்கு."

எந்த நோட்டையும் அவன் பார்க்கவில்லை. என் அளவும் அந்த நானூற்றுப் பன்னிரண்டோடுதான் அழிந்தது, அழித்தவள் நான். அவன் தலைக்குள் அது அப்படியே இருந்திருக்கிறது. எனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்தது, அடக்க முடியவில்லை.

"அசையாம நில்லுக்கா," என்றான். "அளவு தப்பாப் போயிடும்."